அம்மாவிடம் அந்த சிஸ்டர் ஏன் அப்படிக் கேட்டார்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். நீலகிரியில், கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் உங்கள் அம்மா இருக்கிறார். மார்பகப் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது. கோவையில் பார்த்த டாக்டர்கள் இனி கீமோ வேண்டாம், வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் சிஸ்டர், புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, "கஷ்டமான நேரத்துல உங்களுக்குத் தெம்பு குடுக்கறது எதும்மா? சாமி கும்பிடுவீங்களா? மனசுல ஏதாவது உறுத்திக்கிட்டு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவர் கழுத்தில் சிலுவை இருந்ததை உங்கள் அத்தை கவனித்து, பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு ஃபோனில் சொல்லியிருக்கிறார். இது நர்ஸ் வேலையா, மதம் மாற்றும் வேலையா என்று கேட்கிறீர்கள். எனக்கென்னவோ, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதைவிடப் பெரிய பயம் என்று படுகிறது. நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அம்மாவின் மனசுக்குள் யாரோ புகுந்து ஏதோ செய்கிறார்களா, நான் அதைத் தடுக்க வேண்டுமா என்பதே அந்தப் பயம்.

நான் இந்த மலையில் நர்ஸாக வேலை பார்த்தே தலை நரைத்தவள். ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று வார்டிலும் வீடுகளிலும் வேலை. கடைசிப் பல வருடங்கள் வலி நிவாரண சிகிச்சை மட்டும்தான். பிறப்பால் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவள். பிறகு தெரிந்து சங்கடப்பட வேண்டாம் என்று அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவையோ அந்த சிஸ்டரையோ நான் பார்த்ததில்லை. அவர் மனசில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் கேட்ட கேள்விகள் எங்கிருந்து வந்தவை என்று சொல்ல முடியும், எல்லை எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும்.

கேள்விகள் பாடத்திலிருந்து வந்தவை. லண்டனில் 1967ல், சாகும் தருவாயில் இருப்பவர்களுக்காகப் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், டாக்டர் ஆவதற்கு முன்னால் நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். சாகப்போகிறவரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பம், ஆன்மா என்று நாலு பக்கமும் அது இழுக்கும், நாலையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஊசி மருந்து மட்டும் பலிக்காது என்பது அவர் சொன்னது. அவர் தீவிரமான கிறிஸ்தவர்தான். ஆனாலும் அந்த இல்லம் எந்த மதத்தவருக்கும், மதமே வேண்டாம் என்பவருக்கும் திறந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002ல் இந்தச் சிகிச்சைக்குத் தந்த விளக்கத்திலும் உடல், மனம், சமூகம் ஆகியவற்றோடு ஆன்மிகத் துயரும் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 1978லேயே, அமெரிக்க நர்ஸுகள் தங்கள் நோயறிதல் பட்டியலில் ஆன்மிகத் துயரை ஒரு தலைப்பாகச் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருவது ஒரு பகுதி. ஆக, அந்த சிஸ்டர் கேட்டது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த கேள்வி இல்லை. கேட்காமல் வந்திருந்தால்தான் வேலை பாதியில் நின்றிருக்கும்.

கிறிஸ்டினா புகால்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த ஒரு கேள்வி வரிசை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு நம்பிக்கை தருவது எது, அது உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், அதில் உங்களோடு இருக்கிறவர்கள் யார், நாங்கள் என்ன செய்யட்டும் என்று அது போகும். வகுப்பில் எழுதிக்கொள்ள நன்றாக இருக்கும். வீட்டுக்குப் போய் அப்படியே வாசித்தால் பாட்டிமார் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால் கட்டு அவிழ்க்கும்போது, காலுக்கு எண்ணெய் தடவும்போது, கை வேலையில் இருக்க வாய் பேச்சில் இருக்க, பேச்சோடு பேச்சாகக் கேட்போம். மலையில் இதற்கு இன்னொரு வசதி உண்டு. குளிருக்கு எல்லோரும் அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவார்கள், முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்ல முடியாததை நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

வரும் பதிலில் சாமி இருக்க வேண்டும் என்றும் இல்லை. பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பெரியவர். தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். நுரையீரலில் கட்டி. உறுத்துவது என்ன என்று கேட்டதற்கு, இலங்கை மலைநாட்டில் புதைத்துவிட்டு வந்த தன் அம்மாவின் குழிமேட்டில் யாரும் விளக்கு வைத்திருக்க மாட்டார்கள் என்றார். நான் அதற்கு என்ன செய்துவிட முடியும்? அவர் மருமகன் அந்தப் பக்கம் இன்னும் உறவு வைத்திருந்தார். தகவல் போய், யாரோ ஒருவர் அங்கே விளக்கேற்றி ஃபோனில் படம் அனுப்பினார். பெரியவர் அந்தப் படத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். இன்னொருவர், தான் ஒரு பெண்ணிடம் சீட்டுப் பணம் வாங்கித் திருப்பித் தராமல் விட்டதைச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது பூசாரியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டு முகவரிதான். மூன்றாவது ஒருவர் திராவிடர் கழகத்துக்காரர், கடவுள் இல்லை என்றே வாழ்ந்தவர். நினைவு தப்பிய பிறகு சொந்தக்காரர்கள் நெற்றியில் விபூதி பூச வந்தார்கள். அவர் தெளிவாக இருந்தபோது எங்களிடம் சொல்லியிருந்ததை அவர்களிடம் எடுத்துச் சொன்னோம். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆன்மிகப் பராமரிப்பு என்று நோட்டில் இந்த மூன்றையும்தான் எழுதினோம்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது எது என்று கேட்டால், முதலில் வலி. வலி துடிக்கத் துடிக்க இருப்பவரால் ஒரு சாமி பெயரைக்கூட முழுசாகச் சொல்ல முடியாது. வலியைக் குறைப்பது ஆன்மிகப் பராமரிப்பின் முதல் வேலை, அதை நர்ஸைவிடக் கிட்டத்தில் இருந்து செய்பவர் யாரும் இல்லை. இதில் எங்களுக்குத் தடையாக வருவது, மார்பின் என்ற வலி மருந்தைச் சாப்பிட்டால் நினைவு போய்விடும், கடைசி நேரத்தில் சாமியைக் கூப்பிட முடியாமல் போகும் என்ற பயம். நினைவு போகாது. ஆரம்பித்த இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குப் பிறகு தெளிந்துவிடும். மலச்சிக்கல்தான் தெளியாது, அதற்குக் கூடவே மருந்து போக வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் நன்றாக வேலை செய்யும். அதனால் பூஜை நேரம் எது, நற்கருணை கொண்டுவருபவர் எத்தனை மணிக்கு வருவார், தொழுகை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு மாத்திரை நேரத்தை அதற்கு முன்னால் தள்ளி வைப்போம். உங்கள் அம்மாவிடம் அந்த சிஸ்டர் சாமி கும்பிடுவீர்களா என்று கேட்டதில் இப்படி ஒரு மிகச் சாதாரணமான காரணமும் இருந்திருக்கலாம்.

புண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஆண்பிள்ளைகளிடம் அம்மாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மார்பில் வெடித்த புண் நாற்றமடிக்கும். நான் பார்த்த ஓர் அம்மா மாதக்கணக்கில் சாமி அறைப் பக்கமே போகவில்லை. "இந்த நாத்தத்தோட எப்படி சிஸ்டர் விளக்கு தொடறது" என்றார். மருமகள் ஏற்றட்டும் என்று விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே திரும்பிப் படுத்துக்கொள்வார். நாற்றத்துக்குக் காரணம் புண்ணில் சேரும் ஒரு வகைக் கிருமிகள். மெட்ரோநிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து, கழுவிய புண்ணின் மேல் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் நன்றாகக் குறையும். குறைந்தது. அதன் பிறகு அந்த அம்மா தானாகவே எழுந்துபோய் விளக்கேற்றினார். யாரும் அவருக்கு ஆன்மிகம் போதிக்கவில்லை. நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் வேறெதையும்விட இந்த ஒன்றைத்தான் அதிகம் சொல்வேன்.

அடுத்தது, "நான் என்ன பாவம் பண்ணினேன், எனக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி. உங்கள் அம்மா கேட்டிருக்காவிட்டால் இனிக் கேட்பார். இதற்குப் பதில் சொல்லப் போகக் கூடாது என்பதுதான் எங்கள் பயிற்சி. 'எல்லாம் சரியாப் போயிடும்', 'கடவுள் சோதிக்கிறார்', 'போன ஜென்மத்து வினை' எல்லாமே கேட்டவர் வாயை மூட வைக்கும் பதில்கள். நோயாளியிடம் பொய்யான தைரியத்தை அள்ளித் தெளித்துவிட்டுப் போகிறவர்களை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே நன்றாகத் திட்டி எழுதியிருக்கிறார். நூற்று அறுபது வருடத்துக்கு மேலாகியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருகிறவர்கள் அதே வசனத்தோடுதான் வருகிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது, "அப்படி ஏன்மா தோணுது?" என்று மட்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். வகுப்பில் எளிதாகத் தெரியும், செய்து பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு கஷ்டம் என்று. கை பேண்டேஜைத் தேடும், வாய் ஏதாவது சொல்லத் துடிக்கும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று வெளியே வரும். கலைத்த கர்ப்பம், பார்த்துக்கொள்ளாமல் விட்ட மாமியார், யாரோ விட்ட சாபம். அப்போது நர்ஸ் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை மருத்துவ உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் கலைத்ததால் மார்பகப் புற்றுநோய் வராது. சாபத்தால் வராது. ஒட்டுவாரொட்டியும் இல்லை, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மன்னிப்பு, மோட்சம் என்று போனால் அது எங்கள் கையில் இல்லை. அவர் யாரை நம்புகிறாரோ அவரை அழைத்து வருவதுதான் எங்கள் வேலை.

கடைசி நேரச் சடங்குகளுக்கு வருகிறேன், நர்ஸின் படிப்பும் வீட்டின் நம்பிக்கையும் மோதிக்கொள்ளும் இடம் அதுதான். உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி உறவினர்கள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவது நம் ஊரில் எங்கும் உண்டு. துளசித் தீர்த்தம், கங்கைத் தண்ணீர், ஆசைப்பட்ட பண்டத்தைக் கரைத்துக் கொடுப்பது என்று வீட்டுக்கு வீடு மாறும். விழுங்கும் சக்தி போனவருக்குப் பால் நெஞ்சுக்குள் போகும், மூச்சுத் திணறும். ஊற்றாதீர்கள் என்று கத்தும் நர்ஸும் சரியில்லை, ஊற்றட்டும் என்று வெளியே போய் நிற்கும் நர்ஸும் சரியில்லை. தலையைச் சற்று உயர்த்தி ஒரு பக்கமாகச் சாய்த்து, பஞ்சையோ சுத்தமான துணியையோ பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொல்வோம். எல்லோரும் ஒற்றலாம், ஐம்பது பேர் வந்தாலும் ஒற்றலாம். சடங்கும் நடக்கும், மூச்சும் அடைக்காது. படுகர் வீடுகளில் சாகும் தருவாயில் இருப்பவருக்கு நெய்யில் தோய்த்த சின்னத் தங்கக் காசை வாயில் இடும் பழைய வழக்கம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். விழுங்க முடியாதவருக்குக் காசைக் கையில் கட்டிவிடுவதும் உண்டு என்று பழைய பதிவுகளிலேயே இருக்கிறது. அதனால் இதை நர்ஸ் தடுப்பதாகப் பேச வேண்டியதே இல்லை. ஊர்ப் பெரியவரிடம் "விழுங்கற நிலைமை இல்லை, கையில கட்டிக்கலாமா?" என்று கேட்டால் போதும், அவரே சொல்லிவிடுவார்.

கத்தோலிக்க வீடுகளில் வேறு மாதிரிச் சிக்கல். பாதிரியார் எண்ணெய் பூச வந்தால் கதை முடிந்தது என்று பயந்து கடைசி மூச்சு வரை கூப்பிட மாட்டார்கள். அறுபதுகளில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது கடுமையான நோயில் இருக்கும் எவருக்கும் உரியது, ஒருவருக்குப் பலமுறைகூடத் தரலாம். தெளிவாக இருக்கும்போதே கூப்பிட்டால் நோயாளியும் சேர்ந்து செபிக்கலாம் என்று நாங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் கட்டிலை மேற்கே, மெக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்ப இடம் செய்து கொடுப்பது, காதருகில் கலிமா சொல்பவருக்கு வழிவிடுவது, அதைவிட முக்கியமாக, அன்றைக்கே அடக்கம் செய்யும்படி இறப்புச் சான்றிதழைத் தாமதிக்காமல் வாங்கித் தருவது. பழங்குடி மக்களின் விஷயத்தில் வெளியிலிருந்து போன நர்ஸால் ஓரளவுக்குமேல் முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூடலூரில் 1990ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் போன்ற சமூகங்களின் பெண்களையே பயிற்றுவித்து நர்ஸாக்கினார்கள். என்ன வேண்டும் என்று அவரவர் மொழியிலேயே, அதுவும் உறவுமுறை சொல்லிக் கேட்கிறவர் பக்கத்தில் இருந்தால், மேலே சொன்ன கேள்வி வரிசை எதுவும் தேவைப்படாது.

இனி உங்கள் சந்தேகம். மதமாற்றம் மருத்துவமனைகளில் நடந்ததே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் விடியற்காலையில் வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் ஜெபம் வைப்பார்கள். எழுந்து போக முடியாதவர் காதைப் பொத்திக்கொள்ளவும் தெம்பில்லாமல் கிடப்பார். எனக்குப் பிடித்த ஜெபம்தான், ஆனாலும் அது தப்பு. எல்லை என்னவென்றால், நர்ஸ் கேட்கலாம், சொல்லித்தரக் கூடாது. 'உங்களுக்குத் தெம்பு எது' என்பது கேள்வி. 'எங்க சாமியைக் கும்பிட்டுப் பாருங்க, குணமாயிடும்' என்பது வியாபாரம். அனுமதி கேட்காமல் தலையில் கை வைத்து ஜெபித்தால், எண்ணெயோ தீர்த்தமோ துண்டுப் பிரசுரமோ கொண்டுவந்தால், வீட்டில் சொல்லாதீர்கள் என்று சொன்னால், அவருடைய மேலதிகாரிக்குத் தாராளமாகப் புகார் கொடுங்கள். கிறிஸ்தவ நோயாளியின் நெற்றியில் 'நல்லது நடக்கட்டுமே' என்று கேட்காமல் விபூதி பூசும் நர்ஸும் இதே தப்பைத்தான் செய்கிறார், ஆனால் அதை யாரும் புகாராக எழுதுவதில்லை. கழுத்துச் சிலுவையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் முப்பது வயதிலிருந்து சிலுவை போட்டிருக்கிறேன், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு கிளம்பும் பாட்டிமார்களுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன்.

நோயாளியே நர்ஸிடம் "எனக்காக ஜெபம் பண்ணு கண்ணு" என்று கேட்டால்? இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கூடவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் செய்யலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் "உங்க சாமியை நீங்க கும்பிடுங்க பாட்டி, நான் கையைப் புடிச்சிக்கறேன்" என்பேன். பெரும்பாலும் அதற்குத்தான் கேட்டிருப்பார்கள்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அத்தையும் வாட்ஸ்அப்பும் இதையெல்லாம் உறுதியாகச் சொல்வார்கள். பிறர் செய்யும் பிரார்த்தனையால் நோய் குறையுமா? இதை அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரிடம் சோதித்து 2006ல் முடிவு வெளியிட்டார்கள். தெரியாமல் பிரார்த்திக்கப்பட்டவர்களுக்கும், பிரார்த்திக்கப்படாதவர்களுக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்குச் சற்று அதிகமாகக்கூட இருந்தது. ஆகவே குணமாகும் என்று சொல்லி யாரும் ஜெபத்தை விற்க முடியாது. ஆனால் ஒருவர் தன் சாமியைக் கும்பிட்டு மனசு லேசாவது வேறு விஷயம், அந்தச் சோதனை அதை அளக்கவில்லை. நினைவு தப்பியவருக்குக் காது கேட்குமா? 2020ல் கனடாவில், சாகும் தறுவாயில் பதில் பேசாமல் கிடந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிந்து பார்த்ததில், சிலருடைய மூளை ஒலி மாறும்போது அதைக் கவனிப்பதாகத் தெரிந்தது. கேட்டது புரிகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கேட்கும் என்று வைத்துக்கொண்டு பேசுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சொத்துப் பங்கை மட்டும் கட்டிலருகில் வைத்துப் பேசாதீர்கள்.

செத்துப்போன அப்பா வந்து கூப்பிடுகிறார், வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்வது கடைசி நாட்களில் மிகச் சாதாரணம். அது என்னவென்று விளக்க நான் முயல மாட்டேன். நர்ஸ் பார்ப்பது, சொல்லும்போது அவர் முகம் அமைதியாக இருக்கிறதா, பயந்திருக்கிறதா என்று. அமைதியாக இருந்தால் "யாரு வந்திருக்காங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டு உட்காரலாம், 'அங்க யாரும் இல்லையே' என்று வாதாட வேண்டியதில்லை. பதற்றம், நேரம் காலம் தெரியாத உளறல், திடீரென்று கூடும் மயக்கம் என்றால் அது ஆன்மிகம் இல்லை. சிறுநீர் அடைத்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம், காய்ச்சல் வந்திருக்கலாம், மார்பின் மருந்தின் அளவு கூடியிருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு எலும்பில் பரவியிருப்பதால் இரத்தத்தில் கால்சியம் ஏறவும் வாய்ப்புண்டு. தீராத தாகம், மலச்சிக்கல், தூக்கம், குழப்பம் சேர்ந்து வந்தால் அந்த சிஸ்டரை அனுப்பும் டீமுக்கு உடனே சொல்லுங்கள். மந்திரிக்கக் கூட்டிப்போவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.

எங்களால் முடியாததும் நிறைய. ஒரு நாளில் மேடு பள்ளமாக ஐந்தாறு வீடு ஏறி இறங்கும் நர்ஸுக்கு ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைப்பதே அபூர்வம். மழையில் மண் சரிந்தால் அந்த வாரம் போகவே முடியாது. ஆனால் நேரக் குறைவைவிட என்னை அதிகம் கட்டிப்போட்டது குடும்பங்கள்தான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்பார்கள். நீங்கள் எழுதியதில் அம்மாவுக்கு நிலைமை தெரியுமா என்பது இல்லை. தெரியாது என்று நீங்கள் நினைத்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். கோவையிலிருந்து மாத்திரைப் பையோடு திருப்பி அனுப்பிய அன்றைக்கே புரிந்திருக்கும். நீங்கள் மறைக்கிறீர்கள் என்பதற்காக அவரும் உங்களிடம் மறைப்பார். அப்படி ஒரு வீட்டில் 'மனசுல ஏதாவது உறுத்துதா' என்ற கேள்வியை மகனால் கேட்க முடியாது, வெளியாள்தான் கேட்க முடியும். உங்களுக்கு அது அந்நியத் தலையீடாகப் பட்டிருக்கிறது. அம்மாவுக்கு எப்படிப் பட்டது என்று உங்கள் அத்தை சொன்னாரா?

அதனால் ஒன்று செய்யுங்கள் தம்பி. இந்த வாரம் நேரில் போங்கள். அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடமே கேளுங்கள், "அந்த சிஸ்டர் வர்றது உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று. பிடிக்கவில்லை என்றாலோ, நான் மேலே சொன்ன பிரசுரம், தீர்த்தம் மாதிரி ஏதாவது நடந்திருந்தாலோ, அன்றைக்கே டீமுக்கு ஃபோன் போட்டு வேறு சிஸ்டரை அனுப்பச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். பிடித்திருக்கிறது என்றால் அவர் அடுத்த முறை வரும்போது நீங்களும் அங்கே இருங்கள். தை பிறப்பதற்குள் ஹெத்தை பண்டிகை வந்துவிடும். அம்மாவுக்கு அந்தப் பண்டிகை நடக்கும் பேரகணிக்குப் போக ஆசை இருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டு, இருந்தால் காரில் எத்தனை மணி நேரம் உட்கார முடியும், புறப்படுவதற்கு எவ்வளவு முன்னால் மார்பின், வழியில் வலி கூடினால் எத்தனை மாத்திரை, குளிருக்கு என்ன, ஒன்றுக்குப் போக எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.